கதவில் பெயர் ஒட்டும் ஊர்: பெர்லின் நாட்குறிப்பு

செப்டம்பர் 27, சனி

படிப்பதற்காகப் பெர்லின் வந்து சேர்ந்துவிட்டேன். விமான நிலையத்துக்குக் கீழேயே ரயில் நிலையம் இருக்கிறது. இரண்டு பெட்டிகளையும் உருட்டிக்கொண்டு நடைமேடைக்கு வந்தால், வழியில் தடுப்புக் கதவு எதுவும் இல்லை. டிக்கெட்டை இயந்திரத்தில் வாங்க வேண்டும், சின்ன முத்திரைப் பெட்டியில் செருகி நேரம் அச்சிட்டுக்கொள்ள வேண்டும், ஏறிவிட வேண்டும். வழியில் சாதாரண உடையில் பரிசோதகர் வந்தால் காட்ட வேண்டும். இல்லையென்றால் 60 யூரோ அபராதம். ஒரு பெருநகரம் தன் மக்களை நம்பிக் கதவுகளைத் திறந்து வைத்திருப்பதைப் பார்த்ததும் இந்த ஊர் எனக்குப் பிடித்துவிட்டது.

கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் மூத்த அண்ணன் ஒருவர் நிலையத்துக்கு வந்திருந்தார். நலம் விசாரித்த கையோடு அவர் சொன்ன முதல் விஷயம்: "அறைக்கு அப்புறம் போகலாம். முதலில் கடை. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, எதுவும் திறக்காது." அரிசி, பால், முட்டை, வெங்காயம், ரொட்டி வாங்கினோம். தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்தேன். வேண்டாம் என்று தலையசைத்தார். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாமாம். பெரும்பாலும் நகரத்தின் எல்லைக்குள் இருக்கும் கிணறுகளிலிருந்து நிலத்தடி நீரை எடுத்துத்தான் இந்த ஊர் முழுவதும் குடிக்கிறது. சாத்தூரில் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்து வளர்ந்த எனக்கு அந்தக் குழாயடியில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்போல் இருந்தது.

மோவாபிட் என்ற பகுதியில் மூன்று வாரத்துக்கு ஓர் அறை கிடைத்திருக்கிறது. ஊருக்குப் போயிருக்கும் ஒரு மாணவரின் அறை. தங்கலாம், ஆனால் அந்த முகவரியில் பதிவு செய்ய முடியாது. அதன் பொருள் என்ன என்பதை நாளை எழுதுகிறேன். கண் சொக்குகிறது.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என்றால் இங்கே உண்மையிலேயே ஓய்வு. கடைகள் பூட்டியிருக்கின்றன, சுவரில் துளை போடக்கூடாது, காலிப் பாட்டில்களைக் கண்ணாடித் தொட்டியில் போட்டுச் சத்தம் எழுப்பவும் கூடாது. பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் சில கடைகள் மட்டும் விதிவிலக்கு. நான் காலையில் உப்புமா செய்து சாப்பிட்டுவிட்டு, அண்ணன் நேற்று படம் போட்டுக் காட்டிய சங்கிலியை ஒரு தாளில் எழுதி மேசைக்கு முன் ஒட்டினேன்.

வெளிநாட்டுக்குப் படிக்க வரும் ஒவ்வொருவரும் விசாவுக்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். ஜெர்மனியில் ஒரு வீட்டில் குடியேறினால் இரண்டு வாரத்துக்குள் குடிமக்கள் அலுவலகத்தில் உங்கள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். இதற்கு அன்மெல்டுங் என்று பெயர். கட்டணம் கிடையாது. ஆனால் வீட்டைக் கொடுத்தவர் "இவர் இங்கே குடிவந்திருக்கிறார்" என்று கையெழுத்திட்ட படிவம் வேண்டும். பதிவுச் சான்று கையில் வந்த பிறகுதான் மற்றவை நகரும். வரி எண் தபாலில் வரும், பதிவு செய்த முகவரிக்கே வரும். வங்கிகள் பலவும் அந்தச் சான்றைக் கேட்கின்றன. தங்குவதற்கான அனுமதி அட்டைக்கு அது வேண்டும். பகுதிநேர வேலைக்கு வரி எண் வேண்டும்.

பணமும் இதோடு பின்னியிருக்கிறது. விசாவுக்காக ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கில் போட்டுவிட்டுத்தான் வருகிறோம். அப்பா வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கிய கடன் அது. மாதம் 992 யூரோ வீதம் அது விடுவிக்கப்படும், ஆனால் போய் விழுவதற்கு இங்கே ஒரு கணக்கு வேண்டும். ஆக, என் பணம் எனக்குக் கிடைப்பதும் கடைசியில் ஒரு கதவு எண்ணில் வந்து நிற்கிறது.

சேர்க்கைக் கடிதம் வந்த அன்று ஊரில் இனிப்பு கொடுத்தோம். இங்கே வந்தபின் தெரிகிறது, பெர்லினில் இடம் கிடைப்பது என்பது பல்கலைக்கழகத்தில் கிடைப்பது மட்டுமல்ல. மாணவர் விடுதிக்கு எழுதி வைத்திருக்கிறேன். வரிசை அடுத்த பருவத்தையும் தாண்டுகிறது. பெர்லினில் வாடகைக்கு அறை தேடுபவர்கள் அவ்வளவு பேர். உள்ளூர் மாணவர்களும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள். ஆனால் அவர்களுக்குப் பெற்றோர் வீட்டு முகவரி என்று ஒன்று இந்த நாட்டிலேயே இருக்கிறது. நமக்கு அது இல்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

குர்ஃபுர்ஸ்டென்டாம் என்ற பெரிய சாலையில் தனி அறை, குளியலறையோடு, வாடகை நம்ப முடியாத அளவு குறைவு, பதிவும் செய்து தருவார்கள் என்று ஒரு விளம்பரம் வந்தது. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறாராம். முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவாராம். கதவு எண் 8.

நான் படிக்க வந்திருப்பது புவி அளவியல். நிலத்தை அளப்பதும் வரைபடம் போடுவதும்தான் பாடம். எண்ணைப் பார்த்துவிட்டு நேரில் போகாமல் இருக்க முடியவில்லை. மிருகக்காட்சிசாலை ரயில் நிலையத்தில் இறங்கி, 1943 குண்டுவீச்சில் உடைந்து இன்றும் அப்படியே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் தேவாலயக் கோபுரத்தின் பக்கம் நடந்தேன். சாலை அங்கேதான் தொடங்குகிறது. தொடங்கும் எண் 11. அதற்குக் கீழே எண்ணே கிடையாது! 1925இல் சாலையின் முதல் துண்டுக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள்; 1 முதல் 10 வரையான எண்கள் அதோடு போய்விட்டன.

அதுமட்டுமல்ல, எண்கள் ஓடும் முறையே நமக்குப் புதிது. ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை எதிர்ப்பக்கம் என்பது பெர்லினின் எல்லாத் தெருக்களிலும் இல்லை. பழைய தெருக்கள் பலவற்றில் எண்கள் ஒரே பக்கமாக 1, 2, 3 என்று கடைசி வரை ஏறிப்போய், சாலையைக் கடந்து எதிர்ப்பக்கத்தில் திரும்பி வருகின்றன. அதனால் 11ஆம் எண் தொடங்கும் அதே முனையில்தான் 237ஆம் எண்ணும் முடிகிறது. முகவரியோடு அலைபவர்கள் தெருமுனைப் பெயர்ப்பலகையைக் கூர்ந்து பாருங்கள். அந்தத் துண்டில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று அதிலேயே சின்ன எழுத்தில் இருக்கும்.

விளம்பரத்தைப் படம் பிடித்து எங்கள் வகுப்புக் குழுவில் போட்டேன். வியட்நாமிலிருந்து வந்திருக்கும் ஒரு மாணவி இதேபோன்ற ஓர் ஆளுக்குப் போன மாதமே இரண்டு மாத வாடகையை அனுப்பிவிட்டாள் என்று தெரிந்தது. அனுப்பியபோது அவள் ஹனோயில் இருந்தாள். வந்து பார்க்க அவளுக்கு வழியே இல்லை. இந்த ஏமாற்று இன்னும் வந்து சேராதவர்களைத்தான் குறிவைக்கிறது. அறையைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். உங்களுக்காகப் போய்ப் பார்க்க இங்கே யாராவது இருப்பார்கள். என்னைக் கேட்டால் நான் போவேன்.

அக்டோபர் 3, வெள்ளி

ஜெர்மனி ஒன்றிணைந்த நாள், நாடு முழுவதும் விடுமுறை. பெர்னவர் தெருவுக்குப் போனேன்.

பெர்லின் சுவரைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் படித்தது இரண்டு வரி. இங்கே நின்று பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. இந்தத் தெருவில் ஒரு பக்கத்து வீடுகள் கிழக்கு பெர்லினைச் சேர்ந்தவை, வாசலுக்கு வெளியே இருந்த நடைபாதை மேற்கு பெர்லினைச் சேர்ந்தது. வீட்டுச் சுவர்தான் எல்லை. 1961 ஆகஸ்ட் 13 அன்று எல்லையை மூடியபோது முதலில் வாசல்களை அடைத்தார்கள். மக்கள் ஜன்னல் வழியே குதித்தார்கள். கீழே மேற்கு பெர்லின் தீயணைப்பு வீரர்கள் துணி விரித்துப் பிடித்தார்கள். 48ஆம் எண் வீட்டிலிருந்து இடா ஸீக்மன் என்ற பெண் ஆகஸ்ட் 22 அன்று காலையில் மெத்தைகளையும் சாமான்களையும் கீழே எறிந்துவிட்டு, தானும் குதித்தார். பிழைக்கவில்லை. சுவரின் பெயரால் போன முதல் உயிர் அவருடையது. பிறகு ஜன்னல்களையும் செங்கல் வைத்து மூடி, குடியிருந்தவர்களை வெளியேற்றிவிட்டார்கள்.

இன்று அந்த இடத்தில் புல்வெளி. சுவர் போன தடத்தில் துருப்பிடித்த இரும்புக் கம்பிகள் வரிசையாக நிற்கின்றன. குழந்தைகள் அவற்றுக்கு நடுவே புகுந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிறார்கள். முகவரி கிடைக்கவில்லை என்று ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தேன். முகவரியைக் கையில் வைத்துக்கொண்டே அதற்குள் அடைபட்டுப் போனவர்களின் தெரு இது. புகைப்படம் எடுக்கத் தோன்றவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்று ஒரு நேர்முகத் தேர்வு. வேலைக்கு அல்ல, சமையலறையில்.

பங்கு வீடுகளை இங்கே வேகே என்கிறார்கள். மூன்று நான்கு பேர் ஒரு வீட்டைச் சேர்ந்து எடுத்து, ஆளுக்கோர் அறை வைத்துக்கொண்டு, சமையலறையையும் குளியலறையையும் பகிர்ந்துகொள்வார்கள். ஒரு அறை காலியானால் மற்றவர்கள் உட்கார்ந்து புதியவரைத் தேர்ந்தெடுப்பார்கள். இதற்கு முன் போன வீடுகளில் பத்து நிமிடத்தில் முடித்து அனுப்பினார்கள். சில இடங்களில் அறை உண்டு, பதிவு கிடையாது. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் உள்வாடகைக்கு விடுபவர்கள் கையெழுத்துப் போட அஞ்சுவது இயல்புதான்.

இந்த வீடு நொய்கொல்ன் பகுதியில், ஹெர்மன் தெருவை ஒட்டி. தெருவிலிருந்து பெரிய மரக்கதவைத் தள்ளி உள்ளே போனால் ஒரு முற்றம், அதைக் கடந்தால் பின்கட்டு, அதற்குப் பின்னால் இன்னொரு முற்றம். எங்கள் செட்டிநாட்டு வீடுகளின் முற்றத்தை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இது நான்கு பக்கமும் ஐந்து மாடிச் சுவர் எழுந்து நிற்கும் கிணற்றின் அடி. 19ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலைகளுக்கு ஆள் குவிந்தபோது, 1862இல் ஜேம்ஸ் ஹோப்ரெக்ட் வகுத்த திட்டப்படி அகலமான சாலைகளும் நடுவே பெரிய மனைகளும் விட்டார்கள். மனைக்குள் எவ்வளவு கட்டலாம் என்பதற்கு 1853ஆம் ஆண்டு விதி ஒன்று இருந்தது: முற்றம் நீளத்திலும் அகலத்திலும் குறைந்தது 5.34 மீட்டர் இருக்க வேண்டும். தீயணைப்பு வண்டி திரும்ப அவ்வளவு போதும்! மனிதருக்கு வெளிச்சம் எவ்வளவு வேண்டும் என்று அந்த விதி யோசிக்கவில்லை. கட்டியவர்கள் அந்த அளவை அப்படியே பிடித்துக்கொண்டு பின்னுக்குப் பின் கட்டடமாக எழுப்பினார்கள். ஏழைகள் பின்கட்டில் அடைந்தார்கள்.

வீட்டில் இருவர் இருக்கிறார்கள். ஒருத்தி லைப்சிக்கிலிருந்து வந்து செவிலியர் பயிற்சி பெறுகிறாள். இன்னொருவர் பெர்லினிலேயே பிறந்தவர், தச்சு வேலை செய்கிறார். அவருடைய தாத்தா, 1961இல் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு போட்ட ஒப்பந்தத்தின் வழியே தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். தேநீர் கொடுத்தார்கள். பத்து மணிக்கு மேல் சத்தம் போடுவாயா, துடைப்பது கழுவுவது முறை வைத்துச் செய்வாயா, அழுக்குத் தட்டைத் தொட்டியில் விட்டுவிட்டுப் போவாயா என்று கேட்டார்கள். கடைசியில் தச்சர், "உன் சமையலில் மிளகாய் வதக்கினால் வீடு முழுக்க இருமுமா?" என்றார். இருமும், ஆனால் ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் வதக்குவேன் என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பதிவு செய்யலாமா என்று நான் கேட்கும் முன்பே செவிலியப் பெண் சொன்னாள்: "படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தருவோம். அது இல்லாமல் உன்னால் இந்த ஊரில் ஒன்றும் செய்ய முடியாதே." படிக்கட்டில் இறங்கும்போது கண்ணீர் வந்துவிட்டது. இரவு பதினோரு மணிக்குச் செய்தி வந்தது. 15ஆம் தேதி குடிபோகலாம்.

அக்டோபர் 13, திங்கள்

வகுப்பு தொடங்கியது. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஜூன் 17 சாலையில் இருக்கிறது. 1953இல் கிழக்கு ஜெர்மனியில் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்த நாளின் பெயர் அது. அட்டவணையில் பத்து மணி என்று இருந்தால் பத்தேகாலுக்குத்தான் பாடம் ஆரம்பிக்கும். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக விட்ட அந்தக் கால் மணி நேரம் இங்கே பழைய வழக்கம். பாடம் முடிந்ததும் எல்லோரும் கைதட்டாமல் மேசையை விரல் முட்டியால் தட்டினார்கள். அறை முழுக்க மழை விழுந்த சத்தம்.

அவரவர் நாட்டில் நில அளவை எங்கிருந்து தொடங்கியது என்று பேச்சு வந்தது. நான் பரங்கிமலையைச் சொன்னேன். 1802இல் அதன் அடிவாரத்தில்தான் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி, முக்கோண அளவைக்கு அடிப்படையான முதல் நேர்கோட்டை அளந்து தொடங்கினார். அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக இமயம் வரை போனது இந்தியாவின் அளவை. ஜெர்மனியின் பழைய முக்கோண வலையின் மையப்புள்ளியும் பெர்லினிலேயே, தெற்கே ரவென்பெர்க் என்ற குன்றில் இருந்திருக்கிறது. அந்தக் குன்றையே மணலுக்கும் சரளைக்கும் வெட்டி எடுத்துவிட்டார்கள். புள்ளி இன்று கணக்கில் மட்டும் இருக்கிறது. பக்கத்து மேட்டில் அதற்கு ஒரு நினைவுக்கல். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.

மாணவர் அட்டையோடு பயணச்சீட்டும் வந்துவிட்டது. 2025-26 குளிர்காலப் பருவத்துக்கு 208.80 யூரோ, அதாவது மாதம் 34.80. இதை வைத்துக்கொண்டு ஜெர்மனி முழுவதும் உள்ளூர் ரயில், பஸ், டிராம் எல்லாவற்றிலும் போகலாம். பணத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் எங்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லி முடியாது.

அக்டோபர் 15, புதன்

குடிவந்துவிட்டேன். பெட்டியைப் பிரிக்கும் முன் தச்சர் ஒரு காகிதத் துண்டையும் பேனாவையும் நீட்டினார். "பெயர் எழுது. முதலில் அதை ஒட்டு."

இந்தக் கட்டடத்தில் முப்பதுக்கு மேல் வீடுகள். ஒன்றுக்கும் தனி எண் கிடையாது. தெருவும் கட்டட எண்ணும்தான் முகவரி. அதற்கப்புறம் எல்லாம் பெயர். வாசலில் அழைப்பு மணிகளின் பலகையில் பெயர்கள், உள்ளே தகரத் தபால்பெட்டிகளில் பெயர்கள். பெட்டியில் உங்கள் பெயர் இல்லையென்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். வரி எண்ணும் வங்கி அட்டையும் வந்த வழியே போய்விடும். எங்கள் பெட்டியில் ஏற்கெனவே இரண்டு பெயர்கள். ஒன்று நேர்த்தியாக அச்சடித்தது, இன்னொன்று மருந்துக்கடை ஒட்டுத்தாளில் பச்சை மையில் எழுதியது. ஓரத்தில் யாரோ பழைய குடித்தனக்காரரின் பெயர் பாதி கிழிந்து "…மான்" என்று மட்டும் மீந்திருந்தது. அதன் மேல் என் தாளை வைத்து, ஒட்டும் நாடாவை நான்கு ஓரமும் அழுத்தித் தேய்த்தேன்.

மாலையில் குப்பைப் பாடம். முற்றத்தில் காகிதத்துக்கு நீலத் தொட்டி, சமையல் கழிவுக்குப் பழுப்பு, பிளாஸ்டிக்குக்கும் தகரத்துக்கும் ஒன்று, மிச்சத்துக்கு ஒன்று. வைப்புத்தொகை உள்ள பாட்டில்களைத் தொட்டியில் போடாமல் கடை இயந்திரத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும், பெரும்பாலான பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு 25 சென்ட் கிடைக்கும். வழியில் போடுவதானால் குப்பைத்தொட்டிக்கு உள்ளே எறியாமல் பக்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டுப் போகிறார்கள். பொறுக்குபவர் கையை உள்ளே விட்டுத் துழாவ வேண்டாம் என்பதற்காக. இந்த நல்ல பழக்கத்தை நானும் இன்றே எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். சாயங்காலம் ஊ-பான் என்ற சுரங்க ரயிலின் ஏழாம் வழித்தடத்தில் பிளாஷ்கோ சாலை நிறுத்தத்தில் இறங்கி மயூரபதி முருகன் கோவிலுக்குப் போனேன்.

பிரிட்ஸ் என்ற அந்தப் பகுதி எனக்கு இரண்டு வகையில் விருந்து. புரூனோ டவுட் 1920களில் வடிவமைத்த லாடவடிவக் குடியிருப்பு அங்கேதான் இருக்கிறது. பின்கட்டு இருட்டுக்கு எதிர்வினையாக, தொழிலாளிக்கும் வெயிலும் தோட்டமும் வேண்டும் என்று கட்டியது. 2008 முதல் அது உலகப் பாரம்பரியச் சின்னம். கொஞ்ச தூரத்தில் முருகன் கோவில். உள்ளே நுழைந்ததும் சாம்பிராணி வாசனையும் நாகஸ்வர ஒலியும். சுற்றிலும் யாழ்ப்பாணத் தமிழ். பெர்லின் வந்த பிறகு முதல்முறையாக, பேசும் முன் மனத்துக்குள் வாக்கியத்தை அமைத்துப் பார்க்காமல் பேசினேன்.

பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், "பிள்ளை புதுமுகமாக இருக்கிறீர். எந்த இடம்?" என்றார். சாத்தூர் என்றேன். நாளை மறுநாள் கந்தசஷ்டி விரதம் தொடங்குகிறது, ஆறு நாளும் வாரும் என்றார். வீடு கிடைத்ததா, பதிந்தாயிற்றா என்று அவரே கேட்டார். வியாழக்கிழமை பதியப் போகிறேன் என்றதும் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துத் தன் கதையைச் சொன்னார்.

அவர் வந்தது 1985இல். கிழக்கு ஜெர்மனி அப்போது கடந்து செல்லும் விசா கொடுத்துக்கொண்டிருந்தது. ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃப்ரீட்ரிஷ் தெரு நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து எஸ்-பான் என்ற நகர ரயிலில் மேற்கே வந்துவிடலாம். மேற்கு பெர்லின் பக்கத்தில் கடவுச்சீட்டுச் சோதனை இல்லை. இருந்தால் அதை ஒரு நாட்டின் எல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதால் வைக்கவில்லை. அந்த அரசியல் இடுக்கின் வழியே, 1983க்குப் பின் எரியும் ஊரை விட்டு வந்த எத்தனையோ தமிழர்கள் தப்பினார்கள். 1986 அக்டோபரில் கிழக்கு ஜெர்மனி அந்த வழியை அடைத்துவிட்டது.

"உங்களுக்கு முகவரி வேண்டும் என்று அலைகிறீர்கள் பிள்ளை. எங்களுக்கு அவர்களே முகவரி தந்தார்கள்" என்றார். "அகதி முகாம். ஒரு அறையில் ஆறு பேர். குறித்த எல்லையைத் தாண்டிப் போகக்கூடாது என்று சட்டம். ஹம்பர்க்கில் என் தமையன் இருந்தார். போய்ப் பார்க்க அனுமதி வாங்க வேண்டும்." அந்தச் சட்டம் 1982இல் வந்தது. சமையலறையில் வேலை செய்தார், முதியோர் இல்லத்தில் வேலை செய்தார், மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். முதன்முதலில் சொந்தமாக வாடகைக்கு எடுத்த வீட்டின் தெரு, எண், மாடி, அதன் தபால் குறியீடு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார், சாமி பெயர் சொல்வதுபோல.

நாங்கள் கடன் வாங்கி, விமானத்தில் பறந்து, விருப்பப்பட்டு வருகிறோம். அவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் இந்த ஊரில் எனக்குக் கறிவேப்பிலை கிடைக்கிறது, முருகன் இருக்கிறார், புதிதாக வந்த பெண்ணைப் பார்த்து வீடு கிடைத்ததா என்று கேட்க ஓர் அம்மா இருக்கிறார் என்றால் அதெல்லாம் அவர்கள் உண்டாக்கி வைத்தது. தமிழ்நாட்டிலிருந்து வரும் மாணவர்கள் இதைத் தெரிந்துகொண்டு அந்தக் கோவிலுக்குள் நுழைய வேண்டும்.

முறுக்கும் பயற்றம்பணியாரமும் கட்டிக் கொடுத்தார். வீட்டில் வைத்த அரைமணியில் தட்டு காலி.

அக்டோபர் 23, வியாழன்

பதிவாகிவிட்டது!

முன்பதிவு பற்றி ஒரு வார்த்தை. நகரத்தின் எந்த வட்டார அலுவலகத்திலும் பதியலாம், உங்கள் வட்டாரத்திலேயே செய்ய வேண்டும் என்பதில்லை. யாராவது ரத்து செய்யும் இடங்கள் நாள் முழுக்கத் திரும்ப வந்து விழும், முக்கியமாகக் காலையில். எனக்கு நகரத்தின் மறுமுனையில் கிடைத்தது, எஸ்-பானில் ஒரு மணி நேரம்.

படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம். கத்தோலிக்கர் அல்லது புராட்டஸ்டன்ட் என்று எழுதினால் வருமான வரியோடு தேவாலய வரியும் சேரும். பெர்லினில் அது வருமான வரியில் 9 சதவீதம். கிறிஸ்தவ நண்பர்கள் இதைத் தெரிந்துகொண்டு உண்மையை எழுதுங்கள்.

பிறகு பெயர். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பாவின் பெயரைப் போட்டிருக்கிறோம். அதிகாரி அந்தப் பெயரை எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்து, திரையை என் பக்கம் திருப்பிச் சரிபார்க்கச் சொன்னார். நிதானமான மனிதர். சரி என்றேன். இயந்திரத்திலிருந்து ஒரே ஒரு தாள் வந்தது. முத்திரை குத்தி, "பெர்லினுக்கு நல்வரவு, திருமதி" என்று அப்பாவின் பெயரைச் சொல்லிக் கைகுலுக்கினார்.

அப்பா சிவகாசியில் அச்சகத்தில் முப்பது வருடமாக நாட்காட்டி அச்சடிக்கிறார். பாஸ்போர்ட் எடுத்ததில்லை. இனி இந்த ஊரில் எனக்கு வரும் கடிதம் ஒவ்வொன்றிலும் முதலில் நிற்கப் போவது அவருடைய பெயர். தொலைபேசியில் சொன்னேன். "வங்கிக்காரனும் அப்படித்தான் கூப்பிடுவானா?" என்று கேட்டார். எல்லோரும்தான் என்றேன். அம்மாவைக் கூப்பிட்டு இன்னொரு முறை என்னைச் சொல்லச் சொன்னார்.

அக்டோபர் 26, ஞாயிறு

இரவு மூன்று மணியை இரண்டாக்கிவிட்டார்கள். குளிர்கால நேரம். மாலை ஐந்துக்கு முன்பே இருட்டிவிட்டது. டிசம்பரில் நான்குக்கே பொழுது சாயுமாம். செவிலியப் பெண் வைட்டமின் டி மாத்திரைப் பெட்டியை மேசையில் வைத்து, எல்லோருக்கும் என்று எழுதியிருக்கிறாள். பகலில் வெளிச்சம் இருக்கும்போது கட்டாயம் வெளியே நட என்கிறாள். டெம்பல்ஹோஃப் மைதானம் பக்கத்தில்தான். 2008இல் மூடிய விமான நிலையம், ஓடுபாதையை அப்படியே விட்டுப் பூங்காவாக்கிவிட்டார்கள். அங்கே வீடு கட்டலாம் என்று அரசு சொன்னபோது 2014இல் மக்கள் வாக்களித்துத் தடுத்தார்கள். அறை தேடி அலைந்தவளாக அந்த முடிவு எனக்கு உறுத்துகிறது. அந்த ஓடுபாதையில் எதிர்காற்றில் நடந்தபோது, தடுத்தவர்களின் மனமும் புரிந்தது. இரண்டையும் இப்போதைக்கு வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 11, செவ்வாய்

வரி எண் வந்துவிட்டது. பச்சை மைப் பெயருக்கும் அச்சுப் பெயருக்கும் கீழே, என் பெயர் பார்த்துப் போட்டிருந்தார் தபால்காரர். கூடவே, வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் பற்றிய கடிதமும். வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும். தச்சர் ஏற்கெனவே கட்டுகிறார், மூன்றாகப் பங்கு போட்டுக்கொண்டோம். அடுத்த மாதம் முதல் ஒரு வரைபட ஆய்வுப் பணியில் மாணவர் உதவியாளர். வெளிநாட்டு மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். அப்பாவின் கடனுக்கு முதல் தவணையை ஜனவரியில் நானே அனுப்பிவிடுவேன்.

ஏப்ரலில் சேரப்போகும் திருச்சித் தங்கை ஒருத்தி நேற்று எழுதியிருந்தாள். இங்கே அறை பிடித்துத் தருவதாக ஒரு தரகர் முன்பணம் கேட்கிறாராம், அனுப்பலாமா என்று. தெருவையும் எண்ணையும் எனக்கு அனுப்பு, பணத்தை அனுப்பாதே என்று பதில் போட்டேன். வெட்டிங் பகுதியில் ஒரு முகவரி அனுப்பியிருக்கிறாள். சனிக்கிழமை போய்ப் பார்க்கிறேன்.